கொலை தவிர எல்லாத்துக்கும் மன்னிப்பு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் இருமல்களையும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோட் ரெண்டு வாரம் லேட். மெசேஜ் போட்டுத் திட்டினவங்களுக்கு நன்றி, யாரோ கேக்குறாங்கன்னு அதுலதான் தெரியுது. லேட்டுக்குக் காரணம் நான் ஊர்ல மாட்டிக்கிட்டதுதான். மாட்டிக்கிட்டேன்னா நிஜமாவே அப்படித்தான். எங்க ஊர்ல காப்பு கட்டிட்டாங்க. காப்பு கட்டும்போது ஊர்ல இருந்தவங்க, திருவிழா முடியற வரைக்கும் ராத்திரி வெளியூர்ல தங்கக் கூடாது. இதை என் மேனேஜருக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு தனி எபிசோட். கடைசியில "நெட்வொர்க் இருக்கும்ல?"ன்னு மட்டும் கேட்டார். இருந்துச்சு, கோயில் ஆலமரத்தடியில மட்டும்.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிக்குப் பக்கம். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா அப்பா போன் பண்ணுவார். நடந்தது புரவி எடுப்பு. அய்யனாருக்கு மண்குதிரை செஞ்சு, தோள்ல தூக்கிட்டுப் போய்க் கோயில்ல நிறுத்துற திருவிழா. எங்க ஊர்ல இது வருஷா வருஷம் நடக்காது. மழை, காசு, ஊர் ஒத்துமை மூணும் ஒண்ணா வரணும். இந்தத் தடவை வர்றதுக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. மழையும் காசும் எப்பவோ வந்துடுச்சு. மூணாவதுதான் வரல.

இதைப் பத்திப் படிக்க உட்கார்ந்தப்பதான், உலகத்தோட அந்தப் பக்கத்துல இருக்கிற ஒரு திருவிழா கண்ணுல பட்டுச்சு. அதுல மன்னிப்பு ஓரத்துல வர்ற விஷயம் கிடையாது, திருவிழாவே அதுக்குத்தான். இன்னைக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பேசப் போறேன். ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்ல வரல. வாட்ஸ்அப்ல வர்ற "அமெரிக்கப் பழங்குடிகள் தமிழர்களே" ரகம் இல்ல இது, பயப்படாதீங்க.

முதல்ல அந்தத் திருவிழா. அமெரிக்காவோட தென்கிழக்குல, இன்னைக்கு அலபாமா, ஜார்ஜியான்னு சொல்ற இடங்கள்ல வாழ்ந்தவங்க மஸ்கோகி மக்கள். ஆங்கிலேய வியாபாரிகள் இவங்களை 'க்ரீக்'னு கூப்பிட்டாங்க, அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. இவங்களோட பெரிய திருவிழாவுக்குப் பேர் புஸ்கிதா. நோன்பு இருக்கிறதுன்னு அர்த்தம். வெள்ளைக்காரங்க வாயில அது 'பஸ்க்' ஆச்சு. பச்சை மக்காச்சோளத் திருவிழான்னும் சொல்வாங்க. செரோக்கி, செமினோல் மாதிரி பக்கத்து மக்கள்கிட்டயும் இதோட உறவுக்காரத் திருவிழாக்கள் உண்டு.

ஜூலை, ஆகஸ்ட்ல புதுச் சோளம் முத்தும். கண்ணு முன்னாடி கதிர் விளைஞ்சு நிக்கும், ஆனா யாரும் தொடக் கூடாது. புஸ்கிதா முடிஞ்சாத்தான் சாப்பிடலாம். அதுக்கு முன்னாடி ஒரு பெரிய வேலை இருக்கு. வீடெல்லாம் பெருக்கி, கிழிஞ்ச துணி, உடைஞ்ச பாத்திரம், போன வருஷ மிச்சத் தானியம் எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டு எரிச்சுடுவாங்க. நம்ம போகி மாதிரின்னு தோணும். ஆனா நாம போகிக்குக் கிழிஞ்ச பாயையும் பழைய டயரையும்தான் போடுறோம். இவங்க மிச்சம் இருந்த சாப்பாட்டையே எரிச்சாங்க. பழைய தானியம் கையில இருந்தா, பழைய வருஷம் இன்னும் முடியலன்னு அர்த்தம்.

அப்புறம் ஊர்ல உள்ள அத்தனை அடுப்பையும் அணைப்பாங்க. ஒரு வீட்ல கூட நெருப்பு இருக்காது. நோன்பு. வயித்தைச் சுத்தம் பண்ண மூலிகைக் கஷாயம் குடிக்கணும். கறுப்புப் பானம்னு ஒண்ணும் உண்டு. அந்தப் பக்கம் வளர்ற ஒரு செடியோட இலையை வறுத்துக் காய்ச்சுறது, காஃபின் உள்ள செடி. அதாவது பசியோட ஸ்ட்ராங்கா ஒரு டிகாக்‌ஷன். எங்க ஆபீஸ்ல ரிலீஸ் வாரம் இப்படித்தான் போகும்.

நோன்பு முடியற நாள் காலையில பூசாரி கட்டையைக் கட்டையோட தேய்ச்சுப் புது நெருப்பு உண்டாக்குவார். ஊருக்கு நடுவுல ஒரு சதுர மைதானம், நாலு பக்கமும் பந்தல். மைதானத்து நடுவுல நாலு பெரிய கட்டை, நாலு திசையைப் பார்த்துச் சிலுவை மாதிரி வெச்சிருக்கும். அதுலதான் அந்த நெருப்பு ஏறும். பெண்கள் அங்கேர்ந்து நெருப்பை எடுத்துட்டுப் போய் வீட்டு அடுப்பை மூட்டுவாங்க. அதாவது அன்னைக்கு ராத்திரி ஊர்ல எரியற ஒவ்வொரு அடுப்பும் ஒரே தாயோட பிள்ளை. எதிரி வீட்ல எரியறதும் உங்க வீட்ல எரியறதும் ஒரே நெருப்பு.

இதோட சேர்ந்துதான் மன்னிப்பு. அந்த வருஷம் நடந்த தப்பு, தகராறு, கோபதாபம் அத்தனையும் ரத்து. தண்டனைக்குப் பயந்து காட்டுக்குள்ள ஓடினவங்க தலையை நிமிர்த்திக்கிட்டு ஊருக்குள்ள வரலாம். கல்யாண பந்தத்தை மீறினவங்களுக்கு அங்க காதை அறுக்குற தண்டனை கூட இருந்திருக்கு. ஆனா புஸ்கிதா வரைக்கும் சிக்காம இருந்துட்டா, அதுக்கப்புறம் யாரும் தொட முடியாது. அதைப் பத்தி யாரும் பேசவும் கூடாது. எனக்கு இந்த ரெண்டாவது விதிதான் முக்கியமாப் படுது. தண்டிக்காம விடுறது கூட ஈஸி. சண்டைல குத்திக்காட்டாம இருக்கணும் பாருங்க, அதுதான் கஷ்டம்.

இதையெல்லாம் எழுதி வெச்சவங்கள்ல ஒருத்தர் வில்லியம் பார்ட்ரம். தாவரவியலாளர். 1773-லேர்ந்து நாலு வருஷம் அந்தப் பகுதியில செடி கொடி தேடி அலைஞ்சவர், 1791-ல புத்தகம் போட்டார். இன்னொருத்தர் பெஞ்சமின் ஹாக்கின்ஸ், அமெரிக்க அரசாங்கத்தோட ஏஜென்ட். 1798, 1799-ல அந்த நாட்டைப் பத்தி எழுதின குறிப்புல, காஸிதாங்கற ஊர்ல எட்டு நாள் நடக்கிற புஸ்கிதாவை நாள் நாளா விவரிச்சிருக்கார். சின்ன ஊர்கள்ல நாலு நாள். ஹாக்கின்ஸ் இந்த மக்களை விவசாயம், நெசவுன்னு வெள்ளைக்கார வழிக்கு 'மாத்துற' வேலைக்காக வந்தவர். அவரே இதைப் பார்த்து அசந்து போய், குற்றத்தை மட்டும் இல்ல, குற்ற உணர்ச்சியையே புதைக்கிற ஏற்பாடுன்ற மாதிரி எழுதியிருக்கார். கூடவே ஒரு விதிவிலக்கையும் குறிச்சிருக்கார். கொலைக்கு மன்னிப்பு கிடையாது.

ஏன் கொலை மட்டும்? பெரிய குற்றம்னாலன்னு சட்டுனு தோணும். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா மஸ்கோகி சமூகத்துல ஒரு ஆள் செத்தா, அந்த இழப்பு அவரோட குலத்துக்குச் சொந்தம். அம்மா வழியில வர்ற குலம். பதிலுக்கு என்ன கேக்குறதுன்னு முடிவு பண்ற உரிமை அந்தக் குலத்துக்குத்தான், ஊருக்கு இல்ல. அப்படிப் பார்த்தா, ஊர் தன்கிட்ட இருக்கிற கடனை ரத்து பண்ணலாம், அடுத்தவன் கணக்குல இருக்கிற கடனை ரத்து பண்ண முடியாது. இது நான் படிச்சதுலேர்ந்து எடுத்துக்கிட்ட அர்த்தம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

இந்தத் திருவிழாவோட மூளை எங்க இருக்குன்னு கேட்டா, தேதியிலன்னு சொல்வேன். ரெண்டு பேர் சண்டை போட்டுட்டு வருஷக்கணக்கா பேசாம இருக்கிறதுக்கு எப்பவும் கோபம் காரணமா இருக்காது. கோபம் ஆறு மாசத்துல ஆறிடும். அப்புறம் "நான் ஏன் முதல்ல பேசணும்?" மட்டும்தான் மிச்சம். ரெண்டு பக்கமும் அடுத்தவர் ரெஸ்பான்ஸுக்கு வெயிட் பண்ணிட்டே நிக்குறது. நாங்க இதை டெட்லாக்னு சொல்வோம். உள்ள இருக்கிற ரெண்டு பேரால அது தீராது, வெளியிலேர்ந்து ஒருத்தன் வந்து கலைக்கணும். புஸ்கிதால அந்த வேலையைக் காலண்டர் பார்த்துக்குது. யாரும் இறங்கி வர வேணாம். சோளம் விளைஞ்சுடுச்சு, அவ்வளவுதான்.

இப்ப எங்க வீட்டுக் கதை. அப்பாவும் பெரியப்பாவும் ஒன்பது வருஷமாப் பேசல. தென்னந்தோப்புக்குப் போற பாதை யாருதுன்னு தகராறு. பாதை எட்டடி அகலம். கோர்ட்ல கேஸ் நடக்குது. எங்க பக்கத்துல அப்பாவோட அண்ணன் தம்பி உறவுக்காரங்களைப் பங்காளின்னு சொல்வோம். பங்கு உள்ளவன், அதனால சண்டையும் உள்ளவன். ரெண்டு அர்த்தத்தையும் ஒரே வார்த்தையில போட்டு வெச்சிருக்காங்க, பெரியவங்க விவரமானவங்க.

புரவி எடுப்பு எப்படித் தொடங்கும்னா, ஊர்க்கூட்டம் போட்டு நாள் குறிச்சு, வேளார்கிட்ட பிடிமண் கொடுப்பாங்க. வேளார்னா குதிரை செய்யற குயவர். எங்க பக்கத்துல நிறைய அய்யனார் கோயில்ல பூசாரியும் அவங்கதான். பிடிமண்ணுங்கறது பேர்லயே இருக்கிற மாதிரி ஒரு பிடி மண். அதைக் கொடுத்தாச்சுன்னா ஆர்டர் கன்ஃபர்ம். அதுக்கப்புறம் ஊர் பின்வாங்க முடியாது. வேளார் விரதம் இருந்து வேலையைத் தொடங்குவார்.

குதிரை செய்யறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். கண்மாய்க் களிமண்ணுல மணலும் உமியும் கலந்து மிதிப்பாங்க. முதல்ல நாலு கால். உள்ள கூடா, குழாய் மாதிரி. அது கொஞ்சம் இறுகினதும் மேல வயிறு, அப்புறம் கழுத்து, தலை. ஈரமா இருக்கும்போது அவசரப்பட்டு மேல ஏத்தினா கால் உட்கார்ந்துடும். காய விட்டா ஒட்டாது. எப்ப ஏத்தணும்னு எப்படித் தெரியும்ணேன்னு கேட்டேன். விரலால கால்ல தட்டிக் காமிச்சு, "சத்தம் சொல்லும் தம்பி"ன்னார். காஞ்சப்புறம் வைக்கோல், வரட்டி, தென்னமட்டை எல்லாம் அடுக்கிச் சூளை போட்டுச் சுடுவாங்க. சுட்டு எடுத்து, சுண்ணாம்பு அடிச்சு, கலர் தீட்டுவாங்க.

இந்த மண்ணு எடுக்கிறதே இப்ப ஒரு பிரச்சனை. கண்மாய் அரசாங்கத்துது, அனுமதி வேணும். 2024-லதான் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் மட்டத்துலயே அனுமதி வாங்கிக்கலாம்னு விதியை மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி ஒரு குதிரைக்குத் தேவையான மண்ணுக்கு எத்தனை ஆபீஸ் ஏறணும்னு வேளார் விரல் விட்டு எண்ணிக் காமிச்சார். அடுத்த கைக்குப் போயிட்டார்.

குதிரை தூக்குற அன்னைக்கு மூங்கில் கட்டி, ஆளுக்கொரு தோள் கொடுத்து, வேளார் வீட்டுப் பக்கத்துலேர்ந்து கோயில் வரைக்கும் போகும். கோயில் வாசல்ல கண் திறப்பாங்க. அது வரைக்கும் அது மண். அதுக்கப்புறம் அய்யனார் ராத்திரி காவலுக்குப் போற குதிரை. பழைய குதிரைகள் பக்கத்துலயே நிக்கும். காது போனது, கால் போனது, வெறும் கழுத்து மட்டும் மண்ணுலேர்ந்து எட்டிப் பார்க்கிறது. யாரும் ரிப்பேர் பண்ண மாட்டாங்க, எடுத்துப் போடவும் மாட்டாங்க. மழையில கரைஞ்சு அங்கயே மண்ணாயிடும். இதே மாவட்டத்துல குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்குப் போனீங்கன்னா, முப்பது அடிக்கு மேல ஒரு குதிரைச் சிலை நிக்கும். மாசிமகத்துக்குக் காகித மாலையா சாத்தி அதோட உடம்பே தெரியாது. பிரம்மாண்டம்தான். ஆனா எனக்கென்னமோ உடையற குதிரைதான் பிடிக்குது. திரும்பச் செய்ய வேண்டியிருக்குல்ல? திரும்பச் செய்யணும்னா திரும்ப எல்லாரும் உட்கார்ந்து பேசணும்ல?

அந்தப் பேச்சுதான் விஷயம். எங்க ஊர்ல குதிரை பங்காளிகளுக்குச் சேர்த்து ஒண்ணு. தாத்தா காலத்துலேர்ந்து எங்க வீட்டுக்கு ஒரு குதிரை உண்டு. அண்ணன் தம்பி எல்லாரும் கூட்டத்துக்கு வந்து "எங்க குதிரை உண்டு"ன்னு சொல்லணும். ஒருத்தர் மட்டும் சொன்னா ஊர் ஏத்துக்காது. அப்பா கூட்டத்துக்குப் போனார். பெரியப்பாவும் வந்தார். ரெண்டு பேரும் ரெண்டு மூலையில உட்கார்ந்தாங்க. எங்க வீட்டுப் பேர் வந்ததும் பெரியவர் ஒருத்தர், "ரெண்டு பேரும் வந்திருக்கீகளா? வாயைத் திறந்து சொல்லுங்கப்பா"ன்னார். அப்பா மைதானத்தைப் பார்த்து "உண்டு"ன்னார். பெரியப்பா மரத்தைப் பார்த்து "உண்டு"ன்னார். ஒன்பது வருஷத்துல ஒரே இடத்துல ஒரே விஷயத்துக்கு ரெண்டு பேரும் சொன்ன முதல் வார்த்தை அது. வீட்டுக்கு வந்து அப்பத்தாகிட்ட சொன்னேன். "அம்புட்டுதானா? இதுக்கா ஒன்பது வருசம்"னு கேட்டுட்டு வெத்தலையை இடிக்கப் போயிட்டாங்க.

குதிரைக்கு மட்டும் இல்ல, வரிக்கும் இப்படித்தான். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவாங்க, குடும்பத்துக்கு இவ்வளவுன்னு. ஊர்ல யாரையாவது ஒதுக்கி வெச்சிருந்தா அவங்ககிட்ட வரி வாங்க மாட்டாங்க. காசு கொடுக்காம இருக்கிறது சந்தோஷம்தானேன்னு சின்ன வயசுல நினைச்சிருக்கேன். இல்ல. வரி வாங்கலன்னா நீ ஊர்லயே இல்லன்னு அர்த்தம். திரும்பச் சேரணும்னா கூட்டத்துல விழுந்து கும்பிட்டு, தண்டம் கட்டி, அப்புறம் வரி கட்டணும். அந்த வரியை வாங்குற நிமிஷம்தான் எங்க ஊரோட மன்னிப்பு. புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பத்தி நிக்கோலஸ் டர்க்ஸ்னு ஒரு ஆய்வாளர் 1987-ல ஒரு புத்தகம் போட்டார், 'தி ஹாலோ க்ரௌன்'. ராஜாலேர்ந்து கிராமம் வரைக்கும் கோயில் மரியாதையை வெச்சுத்தான் யார் யாருங்கறது இங்க தீர்மானமாச்சுன்னு விளக்கியிருப்பார். ஒரு துண்டு, ஒரு மாலை, எந்த வரிசைன்றதுக்காக வெட்டுக்குத்தே நடந்திருக்கு. சேர்த்து வைக்கிற அதே திருவிழாதான் பிரிச்சும் வைக்கும்.

இந்த இடத்துல நான் நிறுத்தியிருந்தா நல்ல ஃபீல்குட் எபிசோட். முடியல. ஏன்னா வரியே கேக்கப்படாதவங்க எங்க ஊர்லயே இருக்காங்க. அவங்க ஒதுக்கி வைக்கப்பட்டவங்க கூட இல்ல. ஒதுக்கணும்னா முதல்ல உள்ள இருந்திருக்கணும்ல. பறையர் தெருவுலேர்ந்து அன்னைக்குக் கொட்டு அடிக்க வந்தாங்க. குதிரைக்குத் தோள் கொடுக்க யாரும் அவங்களைக் கூப்பிடல. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். கேக்கல. ஆலமரத்தடியில லேப்டாப்போட உட்கார்ந்திருந்தேன்.

புதுக்கோட்டைன்னு சொன்னா உங்கள்ல நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது வேங்கைவயல். 2022 டிசம்பர் கடைசியில, தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில மலம் கலந்திருந்தது தெரிய வந்துச்சு. அப்போ கலெக்டரா இருந்த கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேவும் நேர்ல போனாங்க. விசாரிக்கப் போன இடத்துல, பக்கத்துல இறையூர்ல டீக்கடையில ரெட்டைக் குவளை இருக்கிறதும், அங்க இருக்கிற அய்யனார் கோயிலுக்குள்ள இவங்களை விடுறதில்லங்கறதும் தெரிஞ்சுது. அன்னைக்கே மக்களைக் கூட்டிட்டுக் கோயிலுக்குள்ள போனாங்க. அதே அய்யனார்தான். நாங்க குதிரை தூக்குற அதே சாமி.

தண்ணியில கலந்தது யாருங்கற வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 2025 ஜனவரியில, பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூணு பேர் மேல குற்றப்பத்திரிகை போட்டாங்க. அந்த மக்கள் அதை ஏத்துக்கல. வழக்கைப் பத்தி நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. என் கவலை வேற. இந்த மாதிரி ஒண்ணு நடந்தா உடனே "எல்லாரும் ஒத்துமையா இருங்க, பழசை விடுங்க"ன்னு ஒரு குரல் வரும். இங்கதான் அந்தக் கொலை விதிவிலக்கு ஞாபகம் வந்துச்சு. ஊர் தன் கடனைத்தான் தள்ளுபடி பண்ணலாம். தொட்டித் தண்ணியைக் குடிச்சவங்க கணக்கு அவங்ககிட்டதான் இருக்கு. கூடவே இன்னொரு கேள்வி. நம்ம நெருப்புலேர்ந்து ஒரு தடவை கூட அடுப்பு மூட்ட விடாத வீட்டுக்கிட்ட, எந்த உரிமையில மன்னிப்பைப் பத்திப் பேசுறது?

மஸ்கோகி மக்களுக்கும் இதே கேள்வி வந்துச்சு. அது வேற பாதையில. 1830-ல அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பழங்குடிகளை மேற்கே அகற்றுற சட்டத்துல கையெழுத்துப் போட்டார். 1836-ல மஸ்கோகி மக்களை ராணுவம் வெச்சு, அலபாமாலேர்ந்து இன்னைக்கு ஓக்லஹோமான்னு சொல்ற இடத்துக்கு விரட்டினாங்க. வழியில ஏகப்பட்ட பேர் செத்தாங்க. அதுல லோச்சபோகாங்கற ஊர்க்காரங்க பழைய ஊர் நெருப்போட சாம்பலைக் கூடவே கொண்டு போய், ஆர்கன்சா ஆத்தங்கரையில ஒரு ஓக் மரத்தடியில திரும்ப நெருப்பை மூட்டினதா அவங்க வரலாறு சொல்லுது. அந்த இடத்துலதான் இன்னைக்கு டல்சா நகரம் இருக்கு. மரமும் இன்னும் நிக்குது. டல்சாங்கற பேரே அவங்க மொழியில 'பழைய ஊர்'ங்கற சொல்லுலேர்ந்து வந்ததுதான். ஓக்லஹோமால இன்னைக்கும் பல மைதானங்கள்ல கோடையில நோன்பு இருக்காங்க. பெண்கள் கால்ல ஆமை ஓட்டுச் சலங்கை கட்டித் தாளம் போட, ராத்திரி முழுக்க நெருப்பைச் சுத்தி ஆடுறாங்க. இது டூரிஸ்ட் ஷோ கிடையாது. படம் எடுக்க விட மாட்டாங்க நிறைய இடங்கள்ல.

ஆனா அந்த நடைபயணத்துல இன்னொரு கூட்டமும் இருந்துச்சு. மஸ்கோகி மக்கள்ல சிலர் கறுப்பின அடிமைகளை வெச்சிருந்தாங்க. அவங்களும் கூடவே விரட்டப்பட்டாங்க. உள்நாட்டுப் போருக்கு அப்புறம் 1866-ல போட்ட ஒப்பந்தத்துல, விடுதலையானவங்களுக்கும் அவங்க வாரிசுகளுக்கும் மஸ்கோகி தேசத்துல முழுக் குடியுரிமைன்னு எழுதினாங்க. 1979-ல வந்த புது அரசியல் சாசனம் ரத்த வழி உள்ளவங்களுக்குத்தான் குடியுரிமைன்னு மாத்திடுச்சு. ஒரே எழுத்துல எல்லாரும் வெளிய. 2025 ஜூலைலதான் மஸ்கோகி தேசத்தோட உச்ச நீதிமன்றம், அந்த 1866 ஒப்பந்தம் செல்லும், அவங்களும் குடிமக்கள்தான்னு தீர்ப்பு சொல்லுச்சு. நாப்பத்தாறு வருஷம். வருஷா வருஷம் எல்லாக் கணக்கையும் அழிக்கிற மக்கள்கிட்டயே இந்த ஒரு கணக்கு அவ்வளவு நாள் இழுத்துச்சு. இதைச் சொல்றது அவங்களைக் குறை சொல்ல இல்ல. பெருமையா உதாரணம் காட்ட வந்தவன் முழுசாக் காட்டணும்ல.

ஒரு சின்னத் தகவல், எடிட்ல வெட்டலாமான்னு யோசிச்சு வெச்சுட்டேன். மன்னிப்புக்குத் தேதி குறிச்சவங்க எங்க மாவட்டத்துலயே இருந்திருக்காங்க. சித்தன்னவாசல் பாறையில படுக்கை வெட்டி இருந்தது சமணத் துறவிகள். இன்னைக்கும் சமணர்கள் வருஷத்துல ஒரு நாள், பர்யூஷண் முடிவுல, தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேப்பாங்க. சென்னையில என் வீட்டு ஓனர் வருஷா வருஷம் மெசேஜ் அனுப்புவார். வாடகையையும் வருஷா வருஷம் ஏத்துவார்.

சரி, குதிரை. தூக்குற அன்னைக்கு மழை வரும் போல இருந்துச்சு. எங்க வீட்டுக் குதிரைக்கு முன் பக்க மூங்கில்ல பெரியப்பா வந்து நின்னார். அப்பா பின் பக்கம் போகப் பார்த்தார். வேளார், "உசரம் ஒத்து வராது, நீங்க முன்னாடி வாங்க"ன்னுட்டார். நிஜமாவே உயரத்துக்காகச் சொன்னாரா, வேணும்னே சொன்னாரான்னு நான் இது வரைக்கும் அவர்கிட்ட கேக்கல. ஒண்ணரை கிலோமீட்டர். பாதி வழியில பெரியப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு. அப்பா அவரைப் பார்க்காமயே, "தோளை மாத்துண்ணே"ன்னார். பெரியப்பா மாத்திக்கிட்டார். அவ்வளவுதான் பேச்சு. கோயில்ல கட்டிப்பிடிச்சு அழுறதெல்லாம் நடக்கல, எடிட்டருக்கு வருத்தம்.

காப்பு அவுத்த மறுநாள் பெரியப்பா எங்க வீட்டுத் திண்ணையில வந்து உட்கார்ந்தார். அம்மா காபி கொடுத்தாங்க. பாதையைப் பத்தி ரெண்டு பேரும் வாய் திறக்கல. கேஸை வாபஸ் வாங்கலாமேன்னு நான் நடுவுல விட்டேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு என்ன தெரியும்"னாங்க. வாய்தா அடுத்த மாசம். வக்கீல் ரெண்டு பேர், பஸ் ஒண்ணுதான், ஏழு மணி டவுன் பஸ். சேர்ந்தே போகப் போறாங்கன்னு அப்பத்தா சொல்றாங்க. நான் இன்னும் நம்பல.

பறைக்குழுவுல அடிச்ச ஒரு அண்ணன் என்கூட அஞ்சாவது வரைக்கும் படிச்சவர். கிளம்புற அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல பார்த்தேன். அடுத்த புரவி எடுப்பு எப்பன்னு கேட்டார். தெரியலண்ணேன்னேன். "கூட்டத்துல நீ வாயைத் திறப்பியா?"ன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். பஸ் வந்துடுச்சு, ஏறிட்டேன். பதில் சொல்லல.

அடுத்த எபிசோட் ரெண்டு வாரத்துல. உங்க ஊர்ல வரி எப்படி வாங்குறாங்க, யார்கிட்ட வாங்க மாட்டாங்கன்னு எழுதி அனுப்புங்க. ஊர் பேர் வேணாம்.